ஒரு லட்சம் டாலர் விதைநெல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நம் தெருக்களில் ஓடும் மின்சார ஆட்டோக்கள் பலவற்றிலும், இப்போது கடைகளில் விற்கும் லித்தியம் இன்வெர்ட்டர்களிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. சுருக்கமாக எல்.எஃப்.பி. 2024இல் உலகம் முழுவதும் மின்சார வாகனங்களுக்குப் போன பேட்டரியில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். அதில் மிகப் பெரும்பகுதியைச் செய்து விற்பது சீனா.

ஆனால் இந்தப் பொருள் பேட்டரிக்கு உதவும் என்று கண்டுபிடித்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். அதைக் கடைச் சரக்காக மாற்றிய முன்னோடிகளில் ஒன்று பாஸ்டன் நகரத்துப் பக்கத்தில் பிறந்த ஒரு சின்னக் கம்பெனி. அந்தக் கம்பெனி தொடங்கியபோது அமெரிக்க அரசு அதன் கையில் ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 47 லட்சம் ரூபாய். கடன் அல்ல, திருப்பித் தர வேண்டாம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, அது விளைந்ததா, விளைந்தது யார் வீட்டுக் குதிருக்குப் போனது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கதை பேட்டரியில் தொடங்கவில்லை, ஓர் அரசு அலுவலகத்தில் தொடங்குகிறது. 1970களின் நடுப்பகுதி. அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகச் செலவு செய்துகொண்டிருந்தது. பணம் எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும், ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் பெரிய கம்பெனிகளுக்கும்தான் போனது. பத்துப் பேர், இருபது பேர் வைத்துப் பட்டறைபோல ஆராய்ச்சி செய்தவர்களுக்குக் கிடைத்தது சிந்தியதும் சிதறியதும். சிறு கம்பெனிகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று செனட்டர் எட்வர்ட் கென்னடி தேசிய அறிவியல் அறக்கட்டளையை நெருக்கினார். அந்த வேலை அங்கிருந்த ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரியிடம் வந்தது. அவர் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு அரசுப் பணிக்கு வந்தவர். சிறு முதலாளிக்கு எந்த மாதம் கழுத்து நெரியும் என்பது தெரிந்த மனிதர்.

1977இல் டிபெட்ஸ் தொடங்கிவைத்த திட்டத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மூன்று படிகள். முதல் படியில் சிறிய தொகை, ஆறு மாத அவகாசம். கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இது நடக்குமா, நடக்காதா? நடக்காது என்று தெரிந்தால் அதுவும் ஒரு விடைதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நடக்கும் என்றால் இரண்டாம் படி. இதில் கூடுதல் பணம், இரண்டு ஆண்டு அவகாசம், ஒரு மாதிரியைச் செய்து காட்ட வேண்டும். மூன்றாம் படியில் இந்தத் திட்டத்தின் பணம் ஒரு காசும் கிடையாது. சரக்கைச் சந்தையில் விற்க வேண்டும், அல்லது முதலீட்டாளரைப் பிடிக்க வேண்டும், அல்லது ஏதாவது அரசுத் துறையே அதை வாங்க வேண்டும்.

அரசு பங்கு கேட்பதில்லை, வட்டி கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமையும் கம்பெனியிடமே இருக்கும். நம் ஊர் வங்கியில் போய், "ஒரு புதுப் பொடி செய்து பார்க்கிறேன், வந்தால் வரும், வராவிட்டால் இல்லை" என்று கடன் கேட்டால் மேலாளர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தனியார் முதலீட்டாளர் மட்டும் கொடுத்துவிடுவாரா? மென்பொருள் என்றால் கொடுப்பார். இரண்டு ஆண்டில் தெரிந்துவிடும். புதிய உலோகக் கலவை, பீங்கான், பேட்டரி வேதிப்பொருள் என்றால் கதை வேறு. ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை வந்தது, டன் கணக்கில் வருமா என்று தெரியவே பத்து ஆண்டு ஆகும். அதுவரை உலைக்கும் கருவிக்கும் பணம் கரைந்துகொண்டே இருக்கும். அந்த முதல் ஆறு மாதத்துக்குத் தனியார் சந்தையில் ஆள் கிடைப்பது அரிது. டிபெட்ஸ் அந்த இடத்தில்தான் கை வைத்தார்.

1982 ஜூலை 22 அன்று இது நாடு முழுவதற்குமான சட்டமானது. கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். அரசாங்கமே சுருங்க வேண்டும் என்று மேடைதோறும் பேசியவர், அரசுப் பணத்தைச் சிறு கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்! காரணம் இருந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பொருளாதாரம் படுத்திருந்தது, ஜப்பான் துரத்திக்கொண்டிருந்தது. புது வேலைகளில் பெரும்பகுதியை உண்டாக்குவது சிறு கம்பெனிகளே என்று டேவிட் பிர்ச் 1979இல் வெளியிட்ட ஆய்வு எல்லாருடைய வாயிலும் இருந்தது. செனட்டில் மசோதாவைத் தூக்கிச் சுமந்தவர் வாரன் ரட்மன், ரீகனின் குடியரசுக் கட்சிக்காரர்தான். திட்டத்தின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.பி.ஐ.ஆர். என்பார்கள். சிறு தொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம் என்று தமிழில் சொல்லலாம்.

இதில் புதிய பணம் எதுவும் இல்லை. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு துறையும், அதில் ஒரு சிறு பங்கைச் சிறு கம்பெனிகளுக்கு எடுத்து வைக்க வேண்டும். முதல் ஆண்டில் 0.2 சதவீதம், பிறகு படிப்படியாக 1.25. இருக்கும் சோற்றுப் பானையிலிருந்துதான் அள்ள வேண்டும் என்பதால் பல்கலைக்கழகங்கள் கடுமையாக எதிர்த்தன. அடிப்படை ஆராய்ச்சி பட்டினி கிடக்கும் என்றார்கள். அது வெறும் பொறாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன், அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் திட்டம் வளர்ந்தது. 1992 சட்டம் பங்கை 2.5 சதவீதம் வரை உயர்த்தியது, 2011 சட்டம் 3.2 வரை. பதினொரு துறைகள் இப்படி எடுத்து வைக்கும் நிலை வந்தது. மொத்தத் தொகையில் பாதியளவு பாதுகாப்புத் துறையின் பங்கு. எரிசக்தித் துறை அதைவிட மிகச் சிறியது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பேட்டரிக்கு வருவோம்.

1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு, அக்ஷய பாதி என்ற ஆய்வாளரோடு, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பேட்டரியின் நேர்மின்வாயாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. 1997இல் அவர்களுடைய கட்டுரை வெளியானது. கைபேசிப் பேட்டரியில் இருந்த கோபால்ட் விலை அதிகம், சூடேறினால் ஆக்சிஜனைக் கக்கித் தீயை வளர்க்கும். இரும்பும் பாஸ்பேட்டும் மலிவு. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியே வராது. பாதுகாப்பானது, பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம்.

ஒரே ஒரு பெரிய குறை. அந்தப் பொருள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நல்ல அரிசி நிறைந்த கிடங்கு, ஆனால் வாசல் ஊசி முனை அளவு. உள்ளே இருப்பதை வேகமாக எடுக்க முடியவில்லை.

இதை உடைக்கப் பலர் முயன்றார்கள். கனடாவில் ஒரு குழு துகள்களுக்குக் கரிப் பூச்சு கொடுத்தது. எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸ்) பீங்கான் பொருள் அறிவியல் பேராசிரியர் யெட்-மிங் சியாங், துகளை மிக நுண்ணியதாக்கி, வேறு உலோக அணுக்களைச் சிறிதளவு கலந்து கடத்துதிறனைப் பல மடங்கு கூட்டியதாக 2002இல் கட்டுரை வெளியிட்டார். கூடியது எதனால், கலந்த உலோகத்தாலா, தற்செயலாக உருவான கரிப் படலத்தாலா என்று விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை. காப்புரிமை வழக்குகளும் பல ஆண்டுகள் இழுத்தன. சரக்கு வேலை செய்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சியாங் தைவானில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். 2001இல் பார்ட் ரைலி, ரிக் ஃபுலோப் என்ற இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனிதான் ஏ123 சிஸ்டம்ஸ். முதலில் அவர்கள் கனவு கண்டது வேறொன்று. துகள்களுக்கு இடையே இருக்கும் ஈர்ப்பு விசையையும் விலக்கு விசையையும் பயன்படுத்தி, தன்னைத்தானே அடுக்கிக்கொள்ளும் பேட்டரி. கம்பெனியின் விநோதமான பெயர்கூட அந்த விசைக் கணக்கில் வரும் ஒரு மாறிலியிலிருந்து எடுத்ததுதான். அந்தக் கனவு பலிக்கவில்லை. வண்டியை இரும்பு பாஸ்பேட்டின் பக்கம் திருப்பினார்கள். எஸ்.பி.ஐ.ஆர். வழியாக எரிசக்தித் துறை கொடுத்த ஒரு லட்சம் டாலர் இந்தத் தடுமாற்றக் காலத்தில் வந்தது. எந்தப் பாதை போகும், எது போகாது என்று தெரியாத நேரத்தில் கைக்கு வரும் சிறு பணம், பின்னால் வரும் பெரும் பணத்தைவிட உயர்ந்தது என்பது என் கருத்து.

நான்கே ஆண்டுகளில் சரக்கு வெளியே வந்துவிட்டது. டிவால்ட் என்ற புகழ்பெற்ற கருவிக் கம்பெனி 2005இல் அறிவித்த 36 வோல்ட் துளைக்கருவி, ரம்பம் எல்லாவற்றிலும் ஏ123 பேட்டரி. கட்டட வேலைக்காரர்கள் கம்பியில்லாமல் வேலை செய்தார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பேட்டரிகளை அமெரிக்காவில் செய்யவில்லை, சீனாவின் சாங்சோ நகரில் தொழிற்சாலை வைத்துச் செய்தார்கள். பேட்டரி செல் செய்யத் தெரிந்த தொழிலாளர், மூலப்பொருள் தரும் வியாபாரி, இயந்திரம் பழுதுபார்க்கும் ஆள் எல்லாரும் ஆசியாவில்தான் இருந்தார்கள். அறுவடை எந்தப் பக்கம் போகும் என்பது அப்போதே லேசாகத் தெரிந்தது.

2009இல் ஒபாமா அரசு பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப் பெரும் தொகையை இறைத்தது. அதில் ஏ123க்கு 24.9 கோடி டாலர் மானியம், மிச்சிகன் மாநிலத்தில் தொழிற்சாலை கட்டுவதற்கு. செப்டம்பரில் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. 13.50 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே 20ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு லிவோனியா நகரில் தொழிற்சாலைத் திறப்பு விழாவின்போது ஒபாமாவே தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார்.

கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய இடி ஏற்கெனவே விழுந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வோல்ட் காருக்குப் பேட்டரி தர கொரியாவின் எல்.ஜி.யைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார், பெரிய தொழிற்சாலை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தவர்களில் முக்கியமானது ஃபிஸ்கர் என்ற புதுக் கார்க் கம்பெனி. ஏ123 அதில் தானும் பணம் போட்டிருந்தது. ஓடாத குதிரையின் மேல் இன்னொரு ஓடாத குதிரையைக் கட்டியது போல.

2012 மார்ச்சில் ஒரு நுகர்வோர் பத்திரிகை சோதித்துப் பார்க்க வாங்கிய ஃபிஸ்கர் கார் நின்றுபோனது. அதே மாதத்தில், லிவோனியாவில் செய்த செல்களில் குறை இருப்பதாக ஏ123 அறிவித்தது. ஒரு வெல்டிங் இயந்திரத்தின் அளவீடு பிசகியிருந்தது, அவ்வளவுதான். வேதியியலில் எந்தத் தவறும் இல்லை. விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மாற்றிக்கொடுக்க ஐந்தரைக் கோடி டாலர் ஆகும் என்றார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி அதிலிருந்து எழவில்லை.

2012 அக்டோபர் 16 அன்று திவால் மனு. அதிபர் தேர்தல் சூடு பறந்துகொண்டிருந்த நேரம், அன்று மாலைதான் ஒபாமா, ராம்னி இருவரின் இரண்டாவது மேடை விவாதம். இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்த முதல் விவாதத்தில், ஒபாமா அரசு தோற்பவர்களுக்கே பணம் கொடுக்கிறது என்று ராம்னி ஒரு பட்டியல் வாசித்திருந்தார். அந்தப் பட்டியலில் டெஸ்லாவும் இருந்தது என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வரும்! டெஸ்லா அடுத்த ஆண்டே அரசுக் கடன் 46.5 கோடி டாலரையும் முழுதாக அடைத்துவிட்டது. ஆனால் ஏ123 விஷயத்தில் ராம்னியின் பேச்சு பலித்தது போலத் தோன்றியது. 24.9 கோடி மானியத்தில் சுமார் 13 கோடியை அதற்குள் கம்பெனி வாங்கியிருந்தது.

ஏலத்தில் கம்பெனியின் பெரும்பகுதியை 25.66 கோடி டாலருக்கு வாங்கியது சீனாவின் வான்சியாங் குழுமம். அதை உருவாக்கிய லு குவான்சியு 1969இல் ஹாங்சோ பக்கத்து ஊர் ஒன்றில் விவசாயக் கருவிகள் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கியவர். அமெரிக்க ராணுவத்தோடு சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் தனியே பிரித்து 22.5 லட்சம் டாலருக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றார்கள். 2013 ஜனவரியில் அமெரிக்க அரசு விற்பனைக்கு அனுமதி கொடுத்தது.

அரசுப் பணம் வீண் என்பதற்கு ஏ123ஐ உதாரணம் காட்டுபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு இதில் ஒரு மனக்குறை. அவர்கள் இரண்டு வேறு பணங்களை ஒரே உண்டியலில் போட்டு எண்ணுகிறார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுத்த ஒரு லட்சம் வேறு, தொழிற்சாலைக்குக் கொடுத்த 13 கோடி வேறு.

முதல் வகைப் பணம் பலன் தருகிறதா என்று சப்ரினா ஹோவெல் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். 1983 முதல் 2013 வரை எரிசக்தித் துறையிடம் இந்தத் திட்டத்தில் விண்ணப்பித்த ஆயிரக்கணக்கான சிறு கம்பெனிகளை எடுத்துக்கொண்டார். அதிகாரிகள் விண்ணப்பங்களை வரிசைப்படுத்தி, பணம் தீரும் இடத்தில் கோடு போடுவார்கள். கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவரும் சற்றுக் கீழே இருந்தவரும் தகுதியில் ஏறக்குறைய சமம்தானே? நம் தேர்வில் 35 வாங்கியவனும் 34 வாங்கியவனும் மாதிரி. அந்த இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டார். முதல் படிப் பணம் கிடைத்த கம்பெனிக்குப் பின்னால் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக, கிட்டத்தட்ட இரட்டிப்பாகியது. காப்புரிமைகளும் வருமானமும் கூடின. அந்தச் சின்னத் தொகையில் மாதிரி ஒன்றைச் செய்து காட்ட முடிகிறது என்பதே காரணம் என்கிறார். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய இரண்டாம் படிப் பணத்துக்கு அப்படிப்பட்ட பலன் தென்படவில்லை.

இரண்டாம் படி ஏன் சோர்கிறது? ஒரு காரணம் எல்லாரும் அறிந்தது. இந்தப் பணத்தையே தொழிலாக வைத்து, ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதி, அறிக்கை கொடுத்து, எதையும் விற்காமலே பிழைக்கும் கம்பெனிகள் உண்டு. அமெரிக்கர்களே அவற்றை "மில்" என்று கேலி செய்வார்கள். மாவு அரைப்பது போல அறிக்கை அரைப்பவர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது மூன்றாம் படி. பாதுகாப்புத் துறை ஒரு சிறு கம்பெனிக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுத்தால், பொருள் நன்றாக வந்ததும் அந்தத் துறையே வாங்கிக்கொள்ளும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே. எரிசக்தித் துறை பேட்டரி வாங்கி என்ன செய்யும்? அதற்குப் பேருந்து இல்லை, ஆட்டோ இல்லை. இது நடக்கும் என்று நிரூபிக்கப் பணம் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரை நீயே தேடு என்று அது நகர்ந்துவிடும். எரிசக்திப் பொருளுக்கோ முதல் வாடிக்கையாளர் கிடைப்பதுதான் இமயமலை. பழைய பொருள் மலிவாக, நிறைய, பழகிய கையில் இருக்கும்போது புதியதை யார் வாங்குவார்? அரைக் கிணறு தாண்டவைக்கும் திட்டம் என்பேன்.

சீனா மீதிக் கிணற்றைத் தாண்டிய விதம் வேறு. 2009இல் அங்கே பத்து நகரங்கள், ஆயிரம் வாகனங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நகராட்சிகளும் பேருந்துக் கழகங்களும் மின்சார வண்டிகளை வாங்கின, மத்திய அரசு மானியம் கொடுத்தது. 2017 முடிவதற்குள் ஷென்சென் நகரில் ஓடிய 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அத்தனையும் மின்சாரப் பேருந்துகள். பெரும்பாலானவை பி.ஒய்.டி. கம்பெனியுடையவை, இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஓடியவை. பேருந்துக்குப் பேட்டரியின் எடை பெரிய கவலை இல்லை, தீப்பிடிக்காமல் இருந்தால் போதும். அந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வாடிக்கையாளர் கிடையாது. காப்புரிமை வைத்திருந்தவர்களோடு, சீனாவுக்குள்ளே விற்கும்வரை உரிமத் தொகை இல்லை என்ற ஏற்பாடும் இருந்தது. ஆர்டர் நிற்காமல் வந்தால் தொழிலாளியின் கை பழகும், பிசகிய வெல்டிங் இயந்திரத்தைக் கண்டுபிடிக்க ஆள் உருவாகும், விலை இறங்கும். லிவோனியாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இந்த அமெரிக்கத் திட்டத்தைப் பல நாடுகள் நகல் எடுத்தன. ஜப்பான் 1999இல். நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல், பெயரைக்கூட அதிகம் மாற்றாமல், எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்று. முதல் இரண்டு படிகளைத்தான் பெரும்பாலும் எல்லாரும் நகல் எடுக்கிறார்கள். யார் வாங்குவது என்ற மூன்றாம் படிக்குத் தனிப் பணமும் ஆளும் ஒதுக்கியவர்கள் குறைவு.

சியாங் சும்மா இருக்கவில்லை. ஏ123க்குப் பிறகு 2010இல் ஒரு கம்பெனி, 2017இல் ஃபார்ம் எனர்ஜி என்று இன்னொன்று தொடங்கினார். இது இரும்பு துருப்பிடிப்பதையும் துரு நீங்குவதையும் வைத்து நூறு மணி நேரம் மின்சாரம் தரும் பேட்டரி. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பழைய எஃகு ஆலை இருந்த இடத்தில் தொழிற்சாலை கட்டினார்கள்.

மிச்சிகனிலும் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மறுபடி ஒரு தொழிற்சாலை வருகிறது. லிவோனியாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மார்ஷல் என்ற சிற்றூரில் அதைக் கட்டப்போவதாக ஃபோர்டு கம்பெனி 2023 பிப்ரவரியில் அறிவித்தது. பேட்டரியைச் செய்யும் நுட்பத்துக்கு ஃபோர்டு உரிமத் தொகை கொடுப்பது சீனாவின் சி.ஏ.டி.எல். கம்பெனிக்கு.